ஆறு வீட்டுத் தூக்கம்

அவளை எல்லோரும் பல்லி என்றுதான் கூப்பிட்டார்கள். ஆரம்பித்து வைத்தது மேஸ்திரி. அட்டைப்பெட்டி ஆலையின் லைன் வீடுகளில் கூரைக்குக் கீழே கண்ணாடிப் பஞ்சு பரப்பும் வேலை வந்தபோது, சமையலறை மூலையில் வெட்டியிருந்த பொந்துக்குள் நுழையத் தோதான உடம்பு யாருக்கு இருக்கிறது என்று அவர் ஒவ்வொருவராக ஏற்றிப் பார்த்தார். நெட்டையன் தலையை விட்டான், தோள் மாட்டிக்கொண்டது. இன்னொருவன் தொப்பையோடு பாதியில் நின்றுவிட்டான், கீழேயிருந்து இரண்டு பேர் காலைப் பிடித்து இழுத்தார்கள். கடைசியில் அவள் ஏறினாள். ஏணியின் மேல்படியில் கால் வைத்ததுதான் தெரிந்தது, ஆளைக் காணோம்.

"அடேயப்பா, பல்லி மாதிரில்ல போயிட்டாங்க!"

அன்றோடு பெயர் ஒட்டிக்கொண்டது. நாற்பத்தாறு வயதில் புதுப் பெயர் கிடைத்ததில் அவளுக்கு ஒன்றும் வருத்தமில்லை. புருஷனே இரண்டாம் நாள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் தண்ணீர் கேட்டார்.

பதினாலு வீடுகள், ஒரே வரிசை. மேலே தகரம். தகரத்துக்குக் கீழே ஓரத்தில் ஒரு முழமும் நடுவில் இரண்டு முழமும் இடம் விட்டு, மரச்சட்டம் அடித்து, சீலிங் பலகை. அந்த இடத்தில் பகலெல்லாம் வெயில் புகுந்து படுத்துக்கொள்ளும். பொழுது சாய்ந்து ஊர் ஆறின பிறகும் லைன் வீடு மட்டும் ஆறாது. ஃபேனைப் போட்டால் மேலே இருக்கிற சூட்டையெல்லாம் அள்ளி மூஞ்சியில் கொட்டும். போடாவிட்டால் மூச்சு முட்டும். அதனால் பதினாலு வீட்டிலும் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும். வீடுகளின் மின்சாரம் ஆலைக் கணக்கில் போகிறது. பஞ்சு போட்டால் மின்சாரம் குறையும் என்று யாரோ படித்தவர் சொல்லியிருக்கிறார், ஆலை சரி என்றிருக்கிறது. தொழிலாளி மேல் திடீரென்று பாசம் பொங்கிவிட்டது என்று யாரும் ஏமாறவில்லை. எப்படியோ பஞ்சு வந்தது, அது போதும்.

காலை ஐந்தரைக்கு ஏறினால் ஒன்பதரைக்குள் இறங்கிவிட வேண்டும். அதற்கு மேல் தகரம் அடுப்பாகிவிடும். முகத்தில் துணி, கையில் உறை, கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டை. அப்படியும் பஞ்சின் ஊசி தோலுக்குள் இறங்கி, ராத்திரி வரை அரிக்கும். பலகை மேல் காலை வைத்தால் கால் கீழே யாருடைய அடுப்புக்கு மேலோ தொங்கும். சட்டம் விட்டுச் சட்டம் தாவ வேண்டும். நெட்டையன் கீழேயிருந்து பஞ்சை ஒவ்வொரு கட்டாகப் பொந்து வழியே தள்ளுவான். வீட்டுக்குப் பன்னிரண்டு கட்டு. இதுதான் வேலை.

பஞ்சு வேலை அவளுக்குப் புதிது. அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் கான்கிரீட் வேலை. அந்த வேலையில் உடம்பு படித்த பாடம் ஒன்றே ஒன்றுதான்: இறுக்கு. கலவை கொட்டினால் கம்பியால் குத்து. மண் கொட்டினால் திமிசுக் கட்டையால் இடி. உள்ளே காற்று நின்றால் நாளைக்கு விரிசல். ஒரு சிட்டிகை காற்றைக்கூட உள்ளே விடாத கை அவளுடையது. அதே கையோடு கூரைக்குள் போனாள். பஞ்சைப் பரப்பினாள், அது புஸ்ஸென்று உப்பிக்கொண்டு நின்றது. என்னடா இது திமிர் என்று முழங்காலைப் போட்டு அமுக்கினாள். கட்டாக வந்தபோது அமுங்கித்தானே வந்தது? சந்துபொந்தெல்லாம் திணித்து, மேலே ஏறி மிதித்து, அடுத்த சட்டத்துக்குப் போனாள். மேஸ்திரி பொந்தில் தலையை விட்டு டார்ச் அடித்துப் பார்த்தார்.

"கல்லு மாதிரி இருக்கும்மா. இதுதான் வேலை!"

மூன்றாவது வீடு அவளுடையது. தன் வீடாயிற்றே என்று அங்கே கூடுதலாக நாலு மிதி மிதித்தாள்.

ஆறாவது வீடு முடிகிறபோது முழங்கால் வீங்கிப் பந்தாகிவிட்டது. சொன்னால் வேலை போகும். அதனால் ஏழாவது வீட்டிலிருந்து ஒரு தந்திரம் செய்தாள். சட்டங்களுக்குக் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, எட்டுகிற தூரம் வரை கையால் பஞ்சை உதறிப் போட்டுவிட்டு நகர்ந்தாள். அமுக்கவில்லை, மிதிக்கவில்லை. மேஸ்திரி எட்டிப் பார்ப்பதற்குள் பொந்தைச் சுற்றி மட்டும் நாலு தட்டுத் தட்டி வைத்தாள். அவள் வேலைக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஒரு ஏமாற்று வேலை செய்ததில்லை. பதினாலாவது வீடு வரை மனசு குத்திக்கொண்டே இருந்தது.

அவள் புருஷனுக்கு ராத்திரி ஷிப்ட். அட்டை வெட்டும் இயந்திரத்தில் நிற்கிறார். லைனில் முதல் ஆறு வீடும் ராத்திரிக்காரர்களுக்கு என்று ஆலை ஒதுக்கியிருந்தது. காலை ஆறரைக்கு வருவார், குளிப்பார், படுப்பார். எட்டு மணிக்குத் தகரம் படபடவென்று நெளிய ஆரம்பிக்கும். ஒன்பதுக்குப் பாய் நனையும். பத்து மணிக்கு எழுந்து, துண்டை நனைத்து மார்பில் போட்டுக்கொண்டு, மேசைக்கு அடியில் போய்ப் படுப்பார். தகரம், சீலிங், மேசை என்று தலைக்கு மேல் மூன்று கூரை இருந்தும் மனுஷனுக்குத் தூக்கம் இல்லை.

பஞ்சு வருவதற்கு ஒரு மாதம் முன்பு இயந்திரத்தின் முன்னால் ஒரு நொடி அவர் கண் சொருகியது. இடது கை நடுவிரலின் நுனிக் கணு போய்விட்டது.

"பத்துல ஒன்பதே முக்கால் மிச்சம் இருக்குல்ல? அழாத" என்று கட்டுப் போட்ட கையை ஆட்டிக் காட்டினார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வெட்டு மேடையை அவள் பார்த்திருக்கிறாள். ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற அகலம். அடுத்த தடவை கண் சொருகினால் கணக்கு விரலோடு நிற்காது. அவருக்கு மருந்து வேண்டாம், மாத்திரை வேண்டாம், பகலில் ஆறு மணி நேரம் தூக்கம் வேண்டும். அவ்வளவுதான். பஞ்சு வேலைக்குப் பெயர் கொடுத்த அன்றைக்கே சொல்லியிருந்தாள்:

"பஞ்சு மட்டும் போட்டு முடிக்கட்டும். நீங்க விடற குறட்டைல நான் வெளிய போய்ப் படுக்கணும், பாத்துக்கங்க."

பஞ்சு போட்டு ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று. "எப்படிங்க இருக்கு?" என்று கேட்டால், "கொஞ்சம் தேவலாம்" என்பார். மேசைக்கு அடியிலிருந்து சொல்வார். பொண்டாட்டி செய்த வேலை என்று மனுஷன் பொய் சொல்கிறார். நனைந்த பாய்க்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

வேலை முடிந்த வாரம், ஒரு நடுப்பகலில் ஒன்பதாம் வீட்டுப் பெரியம்மாவிடம் இரவல் வாங்கிய வாளியைக் கொடுக்கப் போனாள். பெரியம்மா தரையில் உட்கார்ந்து கிழிசல் தைத்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் ஃபேன் அசையாமல் நின்றது.

"என்ன பெரியம்மா, ஃபேன் கெட்டுப்போச்சா?"

"வாயக் கழுவுடி. நான்தான் நிறுத்தினேன். நூல் பறக்குது."

"வேர்க்கலையா?"

"எங்க வேர்க்குது? மத்தியானத்துல கண்ணு அப்படியே இழுத்துட்டுப் போகுது. நேத்து மூணு மணி வரைக்கும் தூங்கிட்டேன். செத்துகித்துப் போயிட்டனோன்னு பக்கத்து வீட்டுக்காரி வந்து மூக்குல வெரல வச்சுப் பாக்கறா. உன் கைய எடுத்துக் கண்ணுல ஒத்திக்கணும்டி."

அவள் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். வீட்டு நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தாள். ஒரே தகரம், ஒரே வெயில், அதே பன்னிரண்டு கட்டு. மனசறிந்து ஏமாற்றிய வீடு குளுகுளுவென்று இருக்கிறது, உயிரைக் கொடுத்து மிதித்த வீடு வேகிறது. இதென்ன நியாயம்?

மறுநாள் விடிந்தும் விடியாமலும் ஏணியைத் தூக்கிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனாள். "காலங்காத்தால என் தலைக்கு மேல என்னடி தேடற?" என்று பெரியம்மா கேட்டு முடிப்பதற்குள் பொந்துக்குள் நுழைந்தாள். பஞ்சுக்குள் கையை விட்டாள். கை முழங்கை வரை உள்ளே போனது. அதன் பிறகுதான் பலகை தட்டுப்பட்டது. இறங்கி நேரே தன் வீட்டுக்கு வந்து ஏறினாள். கையை விட்டாள். நாலு விரல் ஆழம், பலகை. அங்கேயும் நாலு விரல், பலகை. டார்ச் வெளிச்சத்தில் பஞ்சின் மேல் வரிசை வரிசையாகக் குழிகள் தெரிந்தன. ஒவ்வொரு குழியும் அவளுடைய முழங்கால்.

அங்கேயே ஒரு சட்டத்தின் மேல் குந்தி உட்கார்ந்துவிட்டாள். இருபத்திரண்டு வருடமாக எதை எதிரி என்று குத்திக் குத்தி வெளியேற்றினாளோ, இந்த வேலையில் அதுதான் கூரை. வெயிலை நிறுத்துவது காற்று. பஞ்சு அதைச் சிந்தாமல் ஏந்திப் பிடிக்கிற கை. அந்தக் கையை அவள் மிதித்துத் தட்டையாக்கி வைத்திருக்கிறாள், ஆறு வீட்டில். தன் வீட்டில் நாலு மிதி அதிகமாக.

ஒரு பிடி பஞ்சை உரித்து எடுத்து உதறிப் பார்த்தாள். பாதி எழுந்தது, மீதி எழவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் இன்னும் ஐந்து கட்டாவது வேண்டும்.

இறங்கி வந்து, ஈரம் துடைக்கலாம் என்று மேசைக்கு அடியில் விரித்திருந்த கோணியைத் தூக்கினாள். கோணிக்குக் கீழே பஞ்சுக் கட்டின் பிளாஸ்டிக் உறை கிடந்தது. உறைகளையெல்லாம் மேஸ்திரி வெளியே வைத்தே உரித்து, பழைய சாமான்காரனுக்குப் போட மூட்டை கட்டிவிடுவார். துண்டு ஈரம் தரையில் இறங்காமல் இருக்க ஒரே ஒரு உறையை அவள் கேட்டு வாங்கி வந்திருந்தாள். அதுவரை எழுத்துப் பக்கம் தரையைப் பார்த்தே கிடந்தது. இப்போது புரண்டுவிட்டது. ஒரு ஆள் பஞ்சின் மேல் மண்டி போட்டிருக்கிற படம். அதன்மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி. கீழே நாலு வரி. எழுத்துக் கூட்டிப் படித்தாள். அமுக்கக் கூடாது. மிதிக்கக் கூடாது. உப்பிய நிலையிலேயே பரப்பவும்.

உறையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கிடங்குக்குப் போனாள்.

கிடங்கில் மேஸ்திரி மிச்சக் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு. நெட்டையன் அடுக்கிக்கொண்டிருந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், தன் முழங்காலிலிருந்து ஆரம்பித்து. உறையையும் விரித்துக் காட்டினாள். மேஸ்திரி படத்தைப் பார்த்தார், பார்த்த வேகத்திலேயே கண்ணை எடுத்துக்கொண்டார்.

"தெரியுமா உங்களுக்கு இது?"

"எல்லாம் தெரிஞ்சுதான் இருக்கும். ஒவ்வொண்ணா வாசிச்சுச் சொல்லிட்டு இருக்க நான் என்ன வாத்தியாரா? போட்டாச்சு, முடிஞ்சாச்சு."

"கல்லு மாதிரி இருக்குன்னு சொன்னீங்களே?"

"நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னது குத்தமா?"

"இந்த முப்பத்திரண்டு இருக்கே. முப்பது இருந்தா ஆறு வீட்டையும் சரி பண்ணிடுவேன். ஆறு நாளு. கூலிகூட வேணாம், நான் செஞ்ச தப்பு."

"இது அடுத்த எடத்துக்குப் போகுதும்மா. வெள்ளிக்கிழமை லாரி வருது. வேலையப் பாத்துக் கையெழுத்துப் போட ஆலை அனுப்பற பரிசோதனைக்காரரும் அன்னிக்கேதான் வர்றாரு. வாயத் தெறக்காம இரு. கூரைக்குள்ள என்ன இருக்குன்னு பல்லியத் தவிர யாருக்குத் தெரியப் போகுது?"

நெட்டையன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை மென்று விழுங்கினான்.

"மேஸ்திரி, என் வீட்டுக்காரருக்கு ஒன்பதே முக்கால் விரல் இருக்கு. அது எட்டாகி, ஏழாகறத நான் மேல உக்காந்து பாக்க முடியாது."

"அதுக்கு ஆலைய கேளு. எனக்குக் கொடுத்தது பஞ்சு போடற வேலை. விரலுக்குக் காவல் நிக்கற வேலை இல்ல."

அவள் உறையை மறுபடியும் மடித்து இடுப்பில் செருகினாள். கிடங்கை விட்டு வெளியே நடந்தாள். மேஸ்திரி முப்பத்திரண்டையும் மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குப் பரிசோதனைக்காரர் வந்தார். வயதான ஆள், கையில் குடை. தோளில் ஒரு கருவி தொங்கியது. அதைக் கூரைக்கு நேரே பிடித்தால் சின்னத் திரையில் சூடான இடம் சிவப்பாகவும் குளிர்ந்த இடம் நீலமாகவும் தெரியும். கூரைக்குக் காய்ச்சல் பார்க்கிறவர் என்பதால் லைன் பெண்கள் அவர் வாசலில் கால் வைப்பதற்குள் காய்ச்சல்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மேஸ்திரி அவரைக் கூட்டிக்கொண்டு நேரே பதினாலாம் வீட்டுக்குப் போனார். பதின்மூன்று, பன்னிரண்டு என்று இறங்கி வந்தார்கள். எங்கே பிடித்தாலும் திரை நீலம். ஒன்பதாம் வீட்டில் பெரியம்மா, "எனக்கும் பிடிச்சுப் பாருங்க, நானும் குளுந்துதான் கெடக்கேன்" என்று முதுகைக் காட்டினாள். காய்ச்சல்காரருக்கு ஏக சந்தோஷம். ஏழாம் வீடு முடிந்ததும் மேஸ்திரி அவர் தோளில் கை போடாத குறையாகத் திருப்பி, தேநீர்க் கடைப் பக்கம் நடத்தினார்.

"ஒண்ணு முதல் ஆறு?"

"அதெல்லாம் ராத்திரி ஷிப்ட் வீடு சார். இப்பதான் கண்ணசந்திருப்பாங்க. தூங்கறவங்கள எழுப்பக் கூடாது, பாவம்."

"அதுவும் சரிதான். உழைக்கற ஜனங்க" என்று காய்ச்சல்காரர் பேனாவை எடுத்தார்.

ஏணியோடு பின்னாலேயே வந்துகொண்டிருந்த பல்லிக்கு உச்சந்தலை வரை சூடேறியது. பஞ்சைப் பறித்தார்கள், பொறுத்தாள். தூக்கத்தைப் பறித்தவரே அந்தத் தூக்கத்தைச் சாக்காக எடுத்துப் போர்த்திக்கொண்டு நிற்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஏணியைச் சுவரில் சாத்தினாள்.

"சார், மூணாம் வீடு என்னோடது. அங்க ஒருத்தரு தூங்கறாரு. வந்து பாத்துட்டு எழுதுங்க."

"ஏம்மா, உனக்கு வேற வேலை இல்ல?" என்று மேஸ்திரி பல்லைக் கடித்தார்.

"என் வீட்டுக்கு நான் ஆளக் கூப்பிடறேன். உங்களுக்கு என்ன?"

கதவைத் திறந்ததும் வெக்கை எழுந்து வந்து காய்ச்சல்காரரின் கண்ணாடியை மறைத்தது. துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பாய் காலியாகக் கிடந்தது. மேசைக்கு அடியில் ஈரத் துண்டோடு ஒரு ஆள், கண் இரண்டும் கொவ்வைப் பழமாக.

"வாங்க சார். நிக்காதீங்க, மேசைக்கடியில இன்னொரு ஆளுக்கு எடம் இருக்கு" என்றார் பல்லியின் புருஷன்.

காய்ச்சல்காரர் கருவியைத் தூக்கிப் பிடித்தார். திரை முழுக்க நெருப்பாகச் சிவந்தது. சிவப்புக்குள்ளே இன்னும் அடர்ந்த சிவப்பாக வரிசையாய்ப் பொட்டுகள்.

"இதென்னம்மா, குழி குழியா?"

"என் முழங்கால் சார்."

வாசலில் அதற்குள் லைன் கூடிவிட்டது. எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிதான் சொன்னாள். "இந்த வீட்டுல மட்டும் இல்ல, ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் நான்தான் மண்டி போட்டு அமுக்கினேன். இறுக்கமா இருந்தா நல்லதுன்னு நெனச்சேன். பஞ்சுக்குக் காத்து வேணும்னு எனக்கு யாரும் சொல்லல."

இரண்டாம் வீட்டுக்காரர் வாய் பிளந்து அவளைப் பார்த்தார். மேஸ்திரிக்கு இழந்த மூச்சு திரும்பியது.

"கேட்டீங்களா சார்! அவங்க வாயாலயே ஒத்துக்கிட்டாங்க. எங்க கம்பெனி மேல தப்பே இல்ல. வேலைக்காரம்மா செஞ்ச தப்பு. இன்னியோட நிறுத்திடறேன்."

"நிறுத்துங்க, தாராளமா நிறுத்துங்க. ஆறு வீட்டயும் சரி பண்ணிட்டு எறங்கறேன், அப்ப நிறுத்துங்க. தப்பு என்னுதுன்னு சொல்றேன்ல? என் தப்ப நான் திருத்தறதுக்குப் பஞ்சு கேக்கறேன். அத லாரில ஏத்தி அனுப்பறது யாரு தப்பு?" இடுப்பிலிருந்து உறையை உருவிக் காய்ச்சல்காரர் கையில் விரித்தாள். "இதக் கழட்டி ஒளிச்சு வச்சுட்டு, கல்லு மாதிரி இருக்குன்னு என்னைத் தட்டிக் கொடுத்தது யாரு தப்பு?"

காய்ச்சல்காரர் உறையைப் படித்தார். நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷர்களுக்கே உரிய குரலில் சொன்னார்:

"நீ சொல்றது நியாயம்மா. ஆனா வேலை முடிஞ்சதா கணக்குப் போயிடுச்சு. குறிப்பு எழுதி வைக்கறேன். அடுத்த வருஷம் மறுபடி ஒதுக்குவாங்க, அப்ப மொதல்ல உங்க ஆறு வீடுதான்."

அடுத்த வருஷம். அவள் புருஷனின் கையைப் பார்த்தாள். அதே நேரம் கிடங்குப் பக்கம் லாரி ஹார்ன் அடித்தது.

மேசைக்கு அடியிலிருந்து மனுஷன் தவழ்ந்து வெளியே வந்தார். எழுந்து நின்றார். சுவரோரம் கிடந்த தலையணையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"எங்கங்க கெளம்பறீங்க?" என்றாள்.

"பஞ்சு எங்க இருக்கோ அங்க. அது நம்ம வீட்டுக்கு வராதுன்னா நம்ம அது வீட்டுக்குப் போவோம்."

அவள் ஒரு நிமிடம் விழித்தாள். அடுத்த நிமிடம் புரிந்தது. பாயைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தாள். கூட்டமும் நடந்தது.

கிடங்கில் லாரிக்காரர் பின்கதவைத் திறந்து வைத்திருந்தார். முப்பத்திரண்டு கட்டும் இடுப்புயர மேடையாக அடுக்கியிருந்தது. கிடங்குக்கு ஓட்டுக்கூரை, உயரமான சுவர், இரண்டு பக்கமும் சன்னல். பல்லியின் புருஷன் யாரையும் பார்க்காமல் மேடை மேல் ஏறினார். தலையணையைப் போட்டார். கட்டுப் போட்ட விரலை மார்பில் வைத்துக்கொண்டு நீட்டிப் படுத்தார். இரண்டாம் வீட்டுக்காரர் வாசலில் நின்று யோசித்தார். பல்லியின் மேல் கோபம் இருந்தது அவருக்கு. ஆனால் அதைவிடத் தூக்கம் அதிகமாக இருந்தது. அவரும் ஏறினார். ஒன்றாம் வீடு, ஐந்தாம் வீடு, நாலு, ஆறு. அரைமணி நேரத்தில் ஆறு ஆளும் பஞ்சு மேடை மேல் சாய்ந்தாயிற்று.

லாரிக்காரர் தலையைச் சொறிந்தார். "இந்தாங்க, ஆள ஏத்தறதுன்னா நான் வேற வாடகை."

மேஸ்திரி குதித்தார். "எழுந்திருங்கய்யா! என்ன விளையாட்டு இது? யோவ் நெட்ட, எழுப்புடா!"

நெட்டையன் கையைக் கட்டிக்கொண்டு கிடங்கின் ஓடுகளை எண்ண ஆரம்பித்தான்.

பல்லி மேடைக்கு முன்னால் வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை. தாழ்த்தித்தான் சொன்னாள்.

"கத்தாதீங்க மேஸ்திரி. தூங்கறவங்கள எழுப்பக் கூடாது, பாவம்."

கிடங்கே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. பெரியம்மா மட்டும் பொத்தவில்லை.

"நடிக்கறாங்க சார், சும்மா நடிக்கறாங்க!"

காய்ச்சல்காரர் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். அப்போதுதான் அந்தச் சத்தம் எழுந்தது. முதலில் பூனை உறுமுவது போல. பிறகு மரம் அறுப்பது போல. பல்லியின் புருஷன் வாய் திறந்து, கடைவாயில் எச்சில் வழிய, சுற்றி நாற்பது பேர் நிற்பது தெரியாமல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டாம் வீட்டுக்காரரும் ஆரம்பித்தார்.

"நடிக்கறவங்களுக்கு எச்சில் வழியுமா சார்?" என்றாள்.

காய்ச்சல்காரர் கொஞ்ச நேரம் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். குடையைச் சுவரில் சாத்தினார். தாளைத் தொடை மேல் வைத்து, பதினாலு என்று எழுதியிருந்ததை அடித்து எட்டு என்று எழுதினார். கீழே, ஆறு வீடு மீதி, பொருள் இடத்தைவிட்டு நகரக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, மேஸ்திரியைப் பார்த்து அவரும் குரலைத் தாழ்த்தியே சொன்னார்:

"வேலை முடிஞ்ச பெறகு கூப்பிடுங்க. பெறகு மட்டும்."

லாரி காலியாகத் திரும்பியது. ஹார்ன் அடிக்கப் போன லாரிக்காரர், உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு அடிக்காமலே போனார். மாலை ஐந்து மணி வரை கட்டுகளை யாரும் தொடவில்லை. பல்லி வாசற்படியில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடியலில் ஒன்றாம் வீட்டில் ஏறினாள். குறுக்கே பலகை, அதன்மேல் குப்புறப் படுக்கை. மிதித்ததையெல்லாம் உரித்து உதறி, புதுப் பஞ்சைக் கலந்து, காற்றோடு பரப்பினாள். முழங்கால் எங்கேயும் படவில்லை. கீழே மேஸ்திரி கட்டுகளை உரித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஆறாவது வீட்டோட உனக்குச் சீட்டு கிழிஞ்சுது, ஞாபகம் இருக்கட்டும்."

"கிழியட்டும்" என்றது பொந்து. "அடுத்த எடத்துல பொந்துக்குள்ள யாரு நொழையறா? நீங்களா? வயித்த வெளிய கழட்டி வச்சுட்டு வருவீங்களா?"

நெட்டையன் ஏணியைப் பிடித்திருந்த கையை விடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இரண்டாம் வீட்டுக்காரர் முதல் நாள் அவளோடு பேசவில்லை. மறுநாள் அவர் வீட்டுக் கூரைக்குள் அவள் தும்மியபோது, கீழேயிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மேலே வந்தது. அவளும் சொம்பைக் காலியாக்கிக் கீழே விட்டாள்.

மூன்றாம் வீட்டை முடித்த மறுநாள், ஒன்பதரைக்கு நாலாம் வீட்டிலிருந்து இறங்கி, சிந்தின பஞ்சையெல்லாம் கூட்டி அள்ளிவிட்டு, பத்தரை மணிக்கு உடம்பு முழுக்க அரிப்போடு தன் வீட்டுக்குள் வந்தாள். மேசைக்கு அடியில் யாரும் இல்லை. பாய் மேல் மனுஷன் மல்லாந்து கிடந்தார். பாயைத் தொட்டுப் பார்த்தாள், காய்ந்திருந்தது. நிமிர்ந்து ஃபேனின் சுவிட்சை அணைத்தாள். இறக்கைகள் சுற்றிச் சுற்றி நின்ற பிறகும் அவர் புரளவில்லை.

தெருவிலிருந்து மேஸ்திரி தொண்டை கிழியக் கூப்பிட்டார். "பல்லீ! அஞ்சாம் வீட்டுக்கு எத்தன கட்டு எடுத்து வைக்கறது?"

அவள் கதவுக்கு வெளியே தலையை மட்டும் நீட்டினாள். ஒரு விரலை உதட்டில் வைத்தாள். இன்னொரு கையின் ஐந்து விரலையும் விரித்துக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.